உரலும் கணக்கேடும்
(ஜே. சி. குமரப்பாவின் வாழ்க்கை வரலாறு)

மூன்றாம் ஆண்டு, இளநிலை வணிகவியல்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொல்வதுண்டு. வணிகவியல் பயிலும் எனக்கு அந்தப் பழமொழி நெடுநாள் வரை பிடித்ததில்லை. ஏடுகளைப் பார்த்தே பிழைக்கப் போகிறவனிடம் ஏடு உதவாது என்றால் அவனுக்கு எப்படிப் பிடிக்கும்? ஆனால் இலண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தி, அமெரிக்காவில் பொருளாதாரம் கற்ற ஒரு தமிழர், பின்னாளில் செக்கையும் உரலையும் காகிதக் கூழ்த் தொட்டியையும் தம் வாழ்க்கைப் பணியாகக் கொண்டார் என்று அறிந்த பிறகு, அந்தப் பழமொழி எனக்கு வேறு விதமாகப் புரியத் தொடங்கியது. அவர்தாம் பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பா. அவர் வாழ்க்கையை இம்மலரில் நண்பர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அவரை நான் தேடிப் போனதற்குக் காரணம் ஒரு சிறு நிகழ்ச்சி. அதை மறைத்துவிட்டு எழுதுவது நேர்மையாகாது. சென்ற ஆண்டு நாங்கள் நடத்திய பொருட்காட்சியில் கிராமத் தொழில்களுக்கென ஒரு மேசை ஒதுக்கியிருந்தோம். அட்டையாலும் மரத்துண்டுகளாலும் செய்த ஒரு சிறிய செக்கு அதில் நடுநாயகமாக இருந்தது. தொடாதீர்கள் என்று சிவப்பு மையில் எழுதி அதன் முன்னே வைத்திருந்தோம். காட்சியைப் பார்க்க ஊரிலிருந்து என் தாத்தா வந்தார். ஐம்பது ஆண்டுகள் செக்காட்டியவர். அந்தச் சிறிய செக்கைக் கண்டதும் கை நீட்டினார். தொண்டராக நின்றிருந்த நான், நண்பர்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில், தொடக் கூடாது என்று அவரைத் தடுத்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். கல்லூரியில் சேர்ந்தபோது குடும்பத் தொழில் என்ற இடத்தில் வியாபாரம் என்று எழுதியவன் நான் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

அந்த வாரம் நூலகத்தில் கிராமத் தொழில்களைப் பற்றிய நூல்களைப் புரட்டியபோதுதான் குமரப்பா எனக்கு அறிமுகமானார்.

இளமையும் கல்வியும்

குமரப்பா 1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் பிறந்தார். ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ் என்பது பெற்றோர் இட்ட பெயர். தந்தையார் சென்னை மாகாண அரசின் பொதுப்பணித்துறையில் அலுவலர். தாயார் எஸ்தர் இராஜநாயகம் அம்மையார். நன்கு கற்ற, கட்டுப்பாடு மிக்க கிறித்தவக் குடும்பம் அது. குமரப்பா என்ற முன்னோர் பெயரை அவர் பிற்காலத்தில்தான் ஏற்றுக்கொண்டார். இளையவரான பரதன் குமரப்பாவும் பின்னாளில் அதே தொண்டில் அண்ணனுக்குத் துணை நின்றார்.

இளைஞர் ஜோசப் 1912-இல் இலண்டன் சென்று கணக்கியல் பயின்று தேர்ந்தார். அங்கேயே சில காலம் பணியும் செய்தார். முதல் உலகப் போர் முடிந்தபின், தாயாரின் விருப்பப்படி 1919-இல் தாயகம் திரும்பி, பம்பாயில் தணிக்கைத் தொழிலில் இறங்கினார். மேனாட்டு உடை, மேனாட்டு உணவு, மேனாட்டு ஒழுங்கு என்று வாழ்ந்த காலம் அது. கணக்கில் காலணா பிசகினாலும் பொறுக்காதவர் என்ற பெயர் அவருக்கு உண்டு.

இந்த நிலையில் ஒருவர் நிறைவடைந்திருக்கலாம். அவரோ 1927-இல் அமெரிக்கா சென்று, சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் பயின்று பட்டம் பெற்றார். பின்பு நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதியியல் பயிலச் சேர்ந்தார். அங்கே அவருடைய ஆசிரியர் செலிக்மன் என்ற புகழ்பெற்ற பேராசிரியர். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பதைப் பற்றி மாணவர் குமரப்பா ஒரு தேவாலயத்தில் ஆற்றிய உரை செய்தித்தாளில் வெளிவந்தது. அதைக் கண்ட பேராசிரியர், அதையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொள்ளுமாறு பணித்தார். அதுவே அவர் வாழ்க்கையின் திருப்புமுனை.

வெள்ளையர் ஆட்சியின் வரவு செலவுக் கணக்குகளை ஒரு தணிக்கையாளனின் கண்கொண்டு அவர் படித்தார். வரியாக வாங்கியது எவ்வளவு, எவரிடம் வாங்கியது, எதற்குச் செலவிட்டது, செலவின் பயன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஒவ்வொன்றாகத் தொடர்ந்து சென்றார். ஏழையிடம் வாங்கிய வரி ஏழைக்குத் திரும்பவில்லை என்பதைக் கணக்கே காட்டிக் கொடுத்தது. வெள்ளையர் ஆட்சியைப் பற்றி அவர் வைத்திருந்த நல்லெண்ணம் அந்த ஆராய்ச்சியின் முடிவில் கரைந்து போயிற்று.

அண்ணலைச் சந்தித்தல்

ஆராய்ச்சி நூலை வெளியிட எண்ணிய குமரப்பாவை நண்பர்கள் காந்தியடிகளிடம் அனுப்பினர். 1929 மே 9 அன்று சபர்மதி ஆசிரமத்தில் அவர்கள் சந்தித்தனர். குறித்த நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்த குமரப்பா ஆற்றங்கரைப் பக்கம் உலவினார். சாணம் மெழுகிய தரையில், ஒரு மரத்தடியில், முதியவர் ஒருவர் அமர்ந்து நூல் நூற்றுக்கொண்டிருந்தார். இராட்டையை முன்பின் கண்டிராத குமரப்பா, கைத்தடியை ஊன்றியபடி நின்று அதை வேடிக்கை பார்த்தார். சற்று நேரத்தில் அம்முதியவர், தாங்கள்தாம் குமரப்பாவா என்று கேட்டார். அப்போதுதான் தாம் காண வந்த காந்தியடிகளே அவர் என்று குமரப்பாவுக்கு விளங்கியது. தம் விலையுயர்ந்த காற்சட்டையின் மடிப்புக் கலைவதைப் பற்றி எண்ணாமல் உடனே தரையில் அமர்ந்துவிட்டார்.

இந்நிகழ்ச்சியில் எனக்கு வியப்பாகத் தோன்றுவது ஒன்றுண்டு. நாடு முழுவதும் போற்றிய தலைவரை அவர் முதன்முதலில் கண்டது, ஒரு பொருளைச் செய்துகொண்டிருந்த கோலத்தில். கைவேலை செய்கிறவரைப் பெரிய மனிதரென்று அடையாளம் காணக் குமரப்பாவுக்கே சற்று நேரம் பிடித்தது. நம்மில் பலருக்கு வாழ்நாள் முழுவதும் பிடிக்கிறது.

ஆராய்ச்சியைத் தம் யங் இந்தியா இதழில் தொடராக வெளியிட இசைந்த அண்ணல், குஜராத் கிராமங்களின் பொருளாதார நிலையை நேரில் ஆய்வு செய்யுமாறு வேண்டினார். கேடா மாவட்டத்து மாதர் வட்டத்தில், குஜராத் வித்யாபீட மாணவர்களைத் துணையாகக் கொண்டு, ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் வீடு வீடாகச் சென்று வருவாயையும் கடனையும் நிலத்தையும் கால்நடையையும் அவர் கணக்கெடுத்தார். பெரிய நிறுவனங்களின் பேரேடுகளைத் தணிக்கை செய்த கை, குடிசைகளின் வறுமையைத் தணிக்கை செய்தது. இந்தியக் கிராமங்களைப் பற்றி நடந்த முறையான ஆய்வுகளில் முன்னோடியான ஒன்றாக அது மதிக்கப்படுகிறது.

உப்புச் சத்தியாக்கிரகக் காலத்தில் யங் இந்தியா இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். அதற்காகச் சிறையும் சென்றார். 1934 ஜனவரி 15 அன்று பீகாரை நிலநடுக்கம் உலுக்கியபோது, இராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரணப் பணிக்கு நிதி ஆலோசகராகச் சென்றார். துயருற்ற மக்களுக்காக வந்த பணத்தில் ஒரு காசுகூட வேறு செலவுக்குப் போகக் கூடாது என்பது அவர் விதித்த விதி. காந்தியடிகளோடு வந்தவர்களின் செலவையும் நிவாரண நிதியில் எழுத மறுத்துவிட்டார். அண்ணல் அதற்காக வருந்தவில்லை. அவர் மேல் வைத்திருந்த நம்பிக்கை மேலும் வளர்ந்தது.

மகன்வாடி

1934 அக்டோபரில் பம்பாயில் கூடிய காங்கிரஸ் மகாசபை, அழிந்து வரும் கிராமத் தொழில்களைக் காப்பதற்கென ஒரு சங்கம் அமைக்கத் தீர்மானித்தது. அவ்வாண்டு டிசம்பரில் வார்தாவில் அகில இந்திய கிராமத் தொழிற் சங்கம் உருவாயிற்று. அதன் அமைப்பாளரும் செயலாளரும் குமரப்பா. ஆலோசகர்களாக இரவீந்திரநாத் தாகூர், ஜகதீச சந்திர போஸ், பிரபுல்ல சந்திர ராய், சர் சி. வி. இராமன் முதலிய பேரறிஞர்கள் இசைந்தனர். நாட்டின் தலைசிறந்த அறிவியலாளர்களை ஊர்ச் செக்குக்கும் தறிக்கும் ஆலோசகர்களாக அமைத்த சங்கம் அது என்று எண்ணும்போது உள்ளம் பூரிக்கிறது.

சங்கத்துக்காக ஜம்னாலால் பஜாஜ் தம் தோட்டத்தையும் கட்டடத்தையும் அளித்தார். மறைந்த மகன்லால் காந்தியின் நினைவாக அவ்விடம் மகன்வாடி எனப் பெயர் பெற்றது. அங்கே எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, மாவு அரைத்தல், பனைவெல்லம், தேனீ வளர்ப்பு, கைக்காகிதம், சோப்பு, மட்பாண்டம் எனத் தொழிலுக்கொரு துறை அமைந்தது. தொண்டர்களுக்கான பயிற்சிப் பள்ளியும் இருந்தது. பல மாகாணங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் அங்கே கூழ் கலக்கினர், நெல் குத்தினர், செக்கோட்டினர். ஏட்டில் குறிப்பெடுத்துக்கொண்டு போவதற்கு அது இடமில்லை; செய்து பார்த்தவனே கற்றவன்.

பழையதைப் பழையபடியே போற்றிக் கிடப்பதையும் குமரப்பா விரும்பவில்லை. ஊர்ச் செக்கில் குறை உண்டு என்பதை அவர் ஒப்புக்கொண்டார். மாட்டுக்கு வருத்தம் அதிகம், பிண்ணாக்கில் எண்ணெய் மிச்சம் நின்றுவிடும், தேய்ந்தால் பழுதுபார்ப்பது கடினம். மகன்வாடியில் ஜவேர்பாய் படேல் என்ற தொண்டர் பல ஆண்டுகள் முயன்று, இந்தக் குறைகளைக் களைந்து ஒரு திருந்திய செக்கை உருவாக்கினார். வார்தா செக்கு என்ற பெயரில் அது பல இடங்களுக்கும் பரவியது. மண்ணெண்ணெய்க்காக நாட்டின் பணம் வெளியே போகிறதே என்று, உள்ளூர்த் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கும் அங்கே உருவாயிற்று. அடுப்படியில் புகையால் கண்ணெரியும் பெண்களுக்காகப் புகையில்லா மகன் அடுப்பு வந்தது. வேட்டிக்கும் பைஜாமாவுக்கும் இடைப்பட்டதாய், துணியும் மிச்சமாகி வேலைக்கும் வசதியாயிருக்க, தோத்திஜாமா என்ற உடையைக் குமரப்பா தாமே வகுத்துக்கொண்டு உடுத்தினார். கிராம உத்யோக் பத்திரிகா என்ற திங்களிதழை நடத்தினார். அது கைக்காகிதத்திலேயே அச்சாயிற்று. சொல்வதைத் தாங்கி வரும் தாளும் சொல்லுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற கொள்கை அது.

பொருட்காட்சி எனும் பள்ளி

இங்கேதான் என்னை நாணச் செய்த பகுதி வருகிறது.

அதே 1934-ஆம் ஆண்டுத் தீர்மானத்தின்படி, மகாசபையின் ஆண்டுக் கூட்டங்களோடு நடைபெறும் பொருட்காட்சிகளை அமைக்கும் பொறுப்பு, சர்க்கா சங்கத்திடமும் குமரப்பாவின் கிராமத் தொழிற் சங்கத்திடமும் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முன்பு பொருட்காட்சி என்றால் கண்ணைக் கவரும் கடைகளும் கேளிக்கைகளும்தாம். இனி அது மக்களுக்குக் கல்வி தரும் இடமாக இருக்க வேண்டும் என்று அண்ணல் கருதினார். குமரப்பாவின் கருத்தும் அதுவே.

1936 மார்ச் 28 அன்று இலட்சுமணபுரி எனப்படும் லக்னோவில் காந்தியடிகள் அத்தகைய பொருட்காட்சியைத் திறந்து வைத்தார். சாந்திநிகேதனத்து ஓவியர் நந்தலால் போஸ் கலைப் பகுதியை அமைத்தார். அதே ஆண்டு டிசம்பரில், காந்தேசப் பகுதியிலுள்ள பைஸ்பூர் என்ற சிற்றூரில் மகாசபை கூடியது. கிராமத்தில் கூடிய முதல் மகாசபை அதுதான். மூங்கிலும் ஓலையும் கொண்டு, உள்ளூர்க் கைகளாலேயே பந்தல்கள் எழுந்தன. 1938 பிப்ரவரியில் குஜராத்தின் ஹரிபுரா கிராமத்திலும் அவ்வாறே. தச்சர், குயவர், தையற்காரர், நூற்கும் பெண்டிர் முதலியோரை நந்தலால் கைக்காகிதத்தில் வரைந்த ஓவியங்கள் அங்கே வழியெங்கும் நின்றன.

இக்காட்சிகளின் சிறப்பு, பொருளை மட்டும் வைக்காமல் பொருள் உருவாகும் முறையைக் காட்டியதில் இருந்தது. தொழிலாளியே தன் கருவியோடு வந்து அமர்ந்தான். வந்தவர்கள் சுற்றி நின்று பார்த்தனர், கேட்டனர், கற்றுக்கொண்டனர். ஓர் ஊரின் உழவன் தன்னூரில் கிடைக்கும் மூலப்பொருளால் எதைச் செய்யலாம் என்று தெரிந்துகொண்டு போக வேண்டும். நகரத்து மாணவன் தான் உடுப்பதையும் உண்பதையும் செய்த கையைக் கண்டு போக வேண்டும். காட்சி முடிந்து பந்தலைப் பிரித்த பின்பும் ஊரில் ஏதேனும் ஒரு தொழில் எழுந்து நின்றால்தான் அது வெற்றி. ஆண்டுக்கொரு முறை கூடிக் கலையும் காட்சி போதாது என்றுதான் வார்தாவில் மகன் சங்கிரகாலயம் என்ற நிலையான அருங்காட்சியகமும் எழுந்தது. 1938 டிசம்பர் 30 அன்று காந்தியடிகள் அதைத் திறந்து வைத்தார்.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் சான் மடேயோ நகரில், 2006-ஆம் ஆண்டு மேக்கர் ஃபேர் என்ற பெயரில் ஒரு திருவிழா தொடங்கியது என்றும், தாமே பொருள் செய்பவர்கள் கூடி, வருவோரையும் செய்ய வைப்பது அதன் நோக்கம் என்றும், பிற்பாடு அது பல நாடுகளுக்கும் பரவியது என்றும் அண்மையில் படித்தேன். மகிழ்ச்சிதான். ஆயினும் அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே, மூங்கிற் பந்தலின் கீழ், நம் நாட்டிலேயே அந்த எண்ணம் ஒரு தமிழரின் பொறுப்பில் செயலாகியிருக்கிறது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டாமா?

ஒரு வேறுபாட்டையும் சொல்ல வேண்டும். பொழுதுபோக்காகச் செய்து மகிழ்வது நல்லதுதான். குமரப்பாவுக்கோ அது சோற்றுப் பிரச்சினை. எள்ளும் கடலையும் ஊரை விட்டு ஆலைக்குப் போனால், எண்ணெய் மட்டும் விலை கொடுத்து வாங்கும்படி திரும்பி வருகிறது, பிண்ணாக்கு வருவதில்லை. பிண்ணாக்கு இல்லாமல் மாடு மெலிகிறது, எரு குறைகிறது, நிலம் இளைக்கிறது, செக்காட்டியவர் கூலிக்குப் போகிறார். ஆலையின் இலாப நட்டக் கணக்கில் இவற்றில் ஒன்றுகூட ஏறுவதில்லை. தீட்டிய அரிசியின் வெண்மைக்கு நாம் விலை தருகிறோம். தவிட்டோடு போன சத்துக்கு எந்த ஏட்டில் பற்று எழுதுவது? தணிக்கையாளர் குமரப்பா கேட்ட கேள்வி இதுதான். வணிகவியல் மாணவனான எனக்கு, மூன்றாண்டுப் பாடத்தில் எழாத கேள்வியும் இதுவே.

சிறையும் நூலும்

1942 ஆகஸ்டுப் போராட்டத்தை ஒட்டிக் குமரப்பா மீண்டும் சிறைப்பட்டு, ஜபல்பூர்ச் சிறையில் இருந்தார். அங்கே இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று இயேசுநாதரின் வாழ்வையும் அறிவுரையையும் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டும் 1945-இல் வெளிவந்தன. இரண்டுக்கும் காந்தியடிகள் முன்னுரை வழங்கினார். சமய அறிஞர் என்றும் கிராமத் தொழில் அறிஞர் என்றும் இரு பட்டங்களைத் தாமே அன்போடு சூட்டி மகிழ்ந்தார்.

நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூலின் அடிப்படைக் கருத்து எளியது. நிலக்கரியும் பெட்ரோலியமும் ஒரு தொட்டியில் தேங்கிய நீர் போன்றவை. மொள்ள மொள்ளக் குறையும். வெயில், மழை, மரம், மனித உழைப்பு ஆகியவை ஆற்று நீர் போன்றவை. அளவறிந்து எடுத்தால் ஓடிக்கொண்டே இருக்கும். தொட்டி நீரை நம்பிய வாழ்க்கை ஒரு நாள் அடுத்தவன் தொட்டிக்காகச் சண்டையில் முடியும். உயிரினங்கள் வாழும் முறையிலும் அவர் ஐந்து படிகளைக் கண்டார். பிற உயிரை அழித்து வாழ்வது ஒன்று. நட்டவன் ஒருவனிருக்கத் தோப்பில் புகுந்து தின்னும் குரங்கைப் போல வாழ்வது ஒன்று. தன் உழைப்பால் தனக்கு ஈட்டி வாழ்வது ஒன்று. தேன்கூட்டைப் போலக் கூட்டத்தின் நலனுக்காக உழைப்பது ஒன்று. தாய்ப்பறவையைப் போலக் கைம்மாறு கருதாது அளிப்பது ஒன்று. மனிதன் மேற்படிக்கு ஏற வேண்டும் என்பதே அவர் பொருளாதாரம். புவி வெப்பமாவதைப் பற்றியும் எரிபொருள் தீர்வதைப் பற்றியும் இன்று உலக அறிஞர்கள் கூடிப் பேசும்போது, 1945-ஆம் ஆண்டு நூலொன்று புதிதாகத் தோன்றுகிறது.

விடுதலைக்குப் பின்

நாடு விடுதலை பெற்றது. பெருந்தொழில்களும் பெரும் அணைகளுமே வழி என்று ஆட்சியாளர் கருதினர். குமரப்பா மாறுபட்டார். அவர் எல்லா இயந்திரங்களையும் வெறுத்தவரல்லர்; பெருந்தொழில் இன்றியமையாத இடங்களில் அதனை இலாப நோக்கின்றி அரசே நடத்தட்டும் என்றார். ஆனால் மக்களின் சோறும் துணியும் மக்களின் கையை விட்டுப் போகக் கூடாது என்பதில் உறுதியாக நின்றார். மகாசபை அமைத்த நிலச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை ஏற்று, உழுபவனுக்கே நிலம் என்ற கொள்கையை வற்புறுத்தும் அறிக்கையை 1949-இல் அளித்தார். வார்தாவுக்கு அருகே சேல்டோ என்ற சிற்றூரில் பண்ணை ஆசிரமம் ஒன்றை நிறுவி, தாமே உழவைச் சோதித்துப் பார்த்தார். சீனத்துக்கும் சோவியத் நாட்டுக்கும் சென்று அங்குள்ள முறைகளை நேரில் கண்டார்.

அவர் நாக்கு கூர்மையானது. பெரியவர் சிறியவர் என்று பாராமல் குற்றத்தைக் குற்றமென்றே சொன்னதால், ஆட்சியிலிருந்த நண்பர்கள் விலகினர். இதை அவருடைய குறை என்பாரும் உண்டு. இனிமையாகச் சொல்லியிருந்தால் இன்னும் சிலவற்றைச் சாதித்திருக்கலாமோ என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் தணிக்கையாளன் இனிமைக்காகக் கணக்கைத் திருத்தினால் அவன் தணிக்கையாளனே அல்லன்.

இறுதிக் காலத்தில் உடல்நலம் குன்றி, மதுரை மாவட்டத்து தே. கல்லுப்பட்டியில், 1940-இல் கோ. வேங்கடாசலபதி நிறுவிய காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து தங்கினார். தஞ்சையில் பிறந்து உலகைச் சுற்றியவர், தமிழகத்துச் சிற்றூர் ஒன்றிலேயே இளைப்பாறினார். திருமணம் செய்துகொள்ளாதவர், சொத்தென்று சேர்க்காதவர். அவருடைய குடிசையில் காந்தியடிகளின் படமும், அதனோடு ஓர் ஏழைக் கிராமத்தானின் படமும் இருந்தனவாம். முன்னவர் தமக்குத் தலைவர் என்றும், பின்னவர் தம் தலைவருக்கே தலைவர் என்றும் வருபவர்களுக்கு அவர் விளக்குவாராம். 1960 ஜனவரி 30 அன்று, அண்ணல் மறைந்த அதே நாளில், சென்னையில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது வயது 68.

நிறைவாக

குமரப்பா தோற்றுவிட்டார் என்று சொல்வோர் உண்டு. அவர் சொன்ன வழியில் நாடு போகவில்லை என்பது உண்மையே. என் தாத்தாவின் செக்கு நின்று பல ஆண்டுகளாயின. அதன் உரல் எங்கள் கொல்லையில் மழைநீர் தேங்கிக் கிடக்கிறது. இன்று நகரக் கடைகளில் மரச்செக்கு எண்ணெய் என்று பலகை மாட்டி, மின்விசையில் ஆட்டி, கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். படித்தவர்கள் தேடிச் சென்று வாங்குகிறார்கள். ஊரார் கைவிட்ட தொழிலை வேறொருவர் கைப்பற்றி நடத்துகிறார். குமரப்பா இருந்தால் அதன் கணக்கையும் கேட்டிருப்பார்: இந்தக் கூடுதல் விலை எள் விதைத்தவனுக்குப் போகிறதா, பிண்ணாக்கு ஊர் மாட்டுக்குப் போகிறதா என்று.

அவர் வரலாற்றைப் படித்து முடித்த விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தேன். திண்ணையில் இருந்த தாத்தாவிடம், அன்று எங்கள் செக்கை ஏன் தொட வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, அதில் உலக்கை நேராக நின்றது என்றும், உலக்கை சாய்ந்து நின்று உரலின் பக்கத்தை அழுத்தினால்தான் எண்ணெய் இறங்கும் என்றும், அதைச் சற்றுச் சாய்த்து வைக்கவே கை நீட்டியதாகவும் சொன்னார். நேராக நின்றால் மாடு ஆயுளுக்கும் சுற்றினாலும் சொட்டுக்கூட வாராதாம். நாங்கள் மூன்று நாட்கள் வைத்திருந்த காட்சியில், எத்தனையோ பேர் வந்து போயினர், ஆசிரியர்களும் பாராட்டினர். எங்கள் செக்கில் எண்ணெய் வாராது என்பதை அறிந்த ஒரே மனிதரைத்தான் நான் தொடாதீர்கள் என்று தடுத்திருக்கிறேன்.

ஆகவே நண்பர்களே, ஒன்று வேண்டுகிறேன். அடுத்த பொருட்காட்சியில் அட்டைச் செக்கும் சிவப்பு மைப் பலகையும் வேண்டாம். நம்மோடு பயில்பவர்களில் தறி நெய்பவர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். பானை வனைபவர், பாய் முடைபவர், கொல்லர், தச்சர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். என்னைப் போலப் படிவத்தில் வேறு பெயர் எழுதியவர்களும் இருக்கலாம். நம் பெற்றோரும் தாத்தா பாட்டியரும் தம் கருவிகளோடு வந்து அமரட்டும். வருகிறவர்கள் தொடட்டும், தவறட்டும், திருத்திக்கொள்ளட்டும். பொருளியல் துறை ஆசிரியர்கள் அப்பொருள்களின் உண்மையான அடக்கவிலையை நமக்குக் கணக்கிட்டுக் காட்டட்டும். ஒரு நாள் முழுவதும் கையில் மண்ணும் எண்ணெயும் பட்டால் நம் பட்டம் மாசுபட்டுவிடாது.

என் தாத்தா வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். கொல்லையில் கிடக்கும் உரலைக் கழுவிக் காயவைத்துப் பார்க்க வேண்டும், விரிசல் இல்லாவிட்டால் கொண்டு வரலாம் என்றார். உலக்கை மட்டும் புதிதாகக் கடைய வேண்டுமாம். அதற்கு நல்ல மரம் பார்க்கச் சொல்லி என்னிடம் அளவு கொடுத்திருக்கிறார். அந்த அளவை என் கணக்கியல் ஏட்டின் முதற் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.